ரேடார் இல்லாத பாடம்: அமெரிக்கா தன் வான் போக்குவரத்து கன்ட்ரோலர்களை உருவாக்கிய விதம்

1976 முதல் 1992 வரை அமெரிக்காவில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார்கள். அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பயிற்சிக் கழகம் அங்கேதான் இருக்கிறது. சில வாரங்கள் வகுப்பு, அப்புறம் ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் பயிற்சி. எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் 100-க்கு 70 வாங்க வேண்டும். 69 என்றால் வேலை போய்விடும். சேர்ந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு இப்படித்தான் ஊர் திரும்பினார்கள். அவர்கள் தேற வேண்டியிருந்த அந்தப் பரீட்சையில் ரேடாரே கிடையாது. நாடு முழுக்க ரேடார் திரைகள் கணினியோடு இணைந்து வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், புதிதாக வந்தவர்களுக்குப் பென்சிலும் தாள் பட்டையும் கடிகாரமும்தான் கொடுக்கப்பட்டன.

அந்தக் காலத்துப் பயிற்சி என்றால் எல்லோரும் ஓக்லஹோமா சிட்டியைத்தான் சொல்வார்கள். அது பள்ளிக்கூடமாக இருந்ததைவிடச் சல்லடையாகத்தான் அதிகம் இருந்தது என்பது என் கருத்து. தொழிலைக் கற்றுக்கொடுத்த இடம் வேறு. வேலை நடக்கும் அறையில், அனுபவப்பட்ட ஒரு கன்ட்ரோலரின் பக்கத்து இருக்கையில்தான் ஒருவர் கன்ட்ரோலர் ஆனார். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் 1981-ல் அந்த நாடு எதை இழந்தது என்பது முழுதாகப் புரியும்.

தொழில் தொடங்கிய காலத்தில் பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. 1929-ல் செயின்ட் லூயிஸ் விமானத் திடலில் ஆர்ச்சி லீக் என்பவர் கொடிகளைக் காட்டி விமானங்களை நிறுத்தவும் அனுப்பவும் செய்தார். தன் நாற்காலியையும் குடையையும் கொடிகளையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாராம். அமெரிக்காவின் முதல் கன்ட்ரோலர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரே விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஓட்டுபவருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

திடலைத் தாண்டி, வழி நெடுகிலும் விமானங்களைக் கவனிக்கும் வேலை 1935 டிசம்பரில் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் ஆரம்பித்தது. தொடங்கியது அரசு அல்ல, விமான நிறுவனங்கள். எர்ல் வார்ட் என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ்காரர் இதில் முன்னால் நின்றார். பெரிய மேசையில் வரைபடம், அதன்மேல் விமானத்துக்கு ஒன்றாகச் சிறு அடையாளக் கட்டைகள், சுவரில் கரும்பலகை, கையில் தொலைபேசி. கன்ட்ரோலர் பைலட்டோடு நேரடியாகப் பேச முடியாது. விமான நிறுவனத்தின் ஆளிடம் சொன்னால் அவர் வானொலியில் சொல்வார். பதிலும் அதே வழியில்தான் திரும்பி வரும். அது வருவதற்குள் விமானம் வேறெங்கோ போயிருக்கும். அதனால் அந்த முதல் தலைமுறை கற்றுக்கொண்டது ஒரே ஒரு திறமையை: இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒன்று, இன்னும் இருபது நிமிடத்தில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போடுவது. 1936 ஜூலையில் மத்திய அரசு நியூவர்க், சிகாகோ, கிளீவ்லாந்து ஆகிய இடங்களில் இப்படி வழி நெடுகிலும் விமானங்களைக் கவனித்த மையங்களை எடுத்துக்கொண்டபோது மொத்த ஊழியர் கூட்டமே ஒரு சிறிய அறையில் அடங்கிவிடும். அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் கற்றார்கள்.

இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்கள் பெருகின, ஆண்கள் போருக்குப் போனார்கள், பெண்கள் நிறையப் பேர் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த அறைகளில் பெண்கள் மிகச் சிலரே இருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். வேலை அவர்களால் முடியாது என்று யாரும் நிரூபித்து அது நடக்கவில்லை. மறுபக்கம், ராணுவமும் விமானப்படையும் தங்களுக்கென்று கன்ட்ரோலர்களை ஆயிரக்கணக்கில் பயிற்றுவிக்கத் தொடங்கின. மிசிசிப்பி மாநிலத்தின் கீஸ்லர் விமானப்படைத் தளம் அதில் முக்கியமான ஒன்று. போருக்குப் பிந்தைய பல ஆண்டுகளுக்கு, அரசின் கோபுரங்களிலும் மையங்களிலும் உட்கார்ந்தவர்களில் பெரும்பங்கு இப்படிச் சீருடையில் தொழில் கற்றுவிட்டு வந்தவர்கள்தான்.

1956 ஜூன் 30 அன்று அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானமும் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-7 விமானமும் மோதின. 128 பேரும் இறந்தார்கள். அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வான்பரப்பு. ரேடார் பார்வையும் அங்கே இல்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தைத் திறந்துவிட்டது. 1958-ல் சட்டம் வந்து எஃப்.ஏ.ஏ. உருவானது. ரேடார்கள் வாங்கப்பட்டன, ஆட்கள் எடுக்கப்பட்டார்கள்.

அன்றைய ரேடார் இன்றுபோல் பெயரும் உயரமும் எழுதிக் காட்டாது. படுக்கை வசமாக வைத்த வட்டத் திரையில் ஒளிப் பொட்டுகள் மட்டும் தெரியும். எந்தப் பொட்டு எந்த விமானம் என்று கன்ட்ரோலரே அடையாளம் கண்டு, சின்ன பிளாஸ்டிக் துண்டில் விமானத்தின் அழைப்புப் பெயரையும் உயரத்தையும் எழுதிப் பொட்டின் பக்கத்தில் வைக்க வேண்டும். பொட்டு நகர நகர விரலால் துண்டையும் நகர்த்த வேண்டும். இந்தத் துண்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இறால் படகு’. திரை இருண்டுவிட்டாலோ பொட்டு தொலைந்துவிட்டாலோ உடனே தாள் பட்டைக்குத் திரும்பியாக வேண்டும். அடிக்கடி அப்படி நடக்கவும் செய்தது. ரேடார் வந்த பிறகும் பழைய முறையைக் கற்றுக்கொடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். 1970-களின் நடுவில் கணினி வந்து பொட்டின் பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதத் தொடங்கியது. அப்போதும் அந்தப் பாடத்தை அவர்கள் விடவில்லை. அதற்கு இரண்டாவது காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

தாள் பட்டை என்றால் என்ன? ஸ்ட்ரிப் என்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும், அது கடந்து போகும் ஒவ்வொரு முக்கியப் புள்ளிக்கும் ஒரு நீளமான தாள் துண்டு. அதில் விமானத்தின் அழைப்புப் பெயர், ரகம், வேகம், உயரம், அந்தப் புள்ளியை எத்தனை மணிக்குக் கடக்கும் என்ற கணிப்பு. பட்டைகளைச் சட்டத்தில் செருகி, நேர வரிசைப்படி எதிரே அடுக்கிவைப்பார்கள். பைலட் புள்ளியைக் கடந்ததும் வானொலியில் நேரத்தைச் சொல்வார். கன்ட்ரோலர் பழைய கணிப்பை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, அடுத்த புள்ளிக்கான நேரத்தையும் திருத்துவார். வானத்தில் என்ன நடக்கிறது என்பது அந்த அடுக்கில் எழுத்தாகத்தான் இருக்கும். அதைப் படமாக்குவது தலைக்குள் நடக்க வேண்டும்.

ஓக்லஹோமா சிட்டியின் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகள் எப்படிப்பட்டவை என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கிழக்கே போகும் விமானங்கள் ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கே போகும் விமானங்கள் இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறப்பது விதி. ரேடார் இல்லாதபோது ஒரே உயரத்தில் ஒரே புள்ளியைக் கடக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே, பொதுவாக, 10 நிமிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உயரத்தில் 1,000 அடி வித்தியாசம் வேண்டும். இப்போது கிழக்கே போகும் இரண்டு விமானங்கள் இரண்டு வெவ்வேறு தடங்களில் வந்து ஒரு புள்ளியில் சேர்கின்றன. இரண்டும் 7,000 அடியில். ஒன்று 10:14-க்குக் கடக்கும், இன்னொன்று 10:20-க்கு. நடுவே 6 நிமிடம்தான். பின்னதை 9,000 அடிக்கு ஏற்றலாமா? அங்கே மூன்றாவது விமானம் 10:23-க்குக் கணிப்புக் கொடுத்திருக்கிறது. 8,000? அது எதிர்த்திசையில் வருபவர்களின் உயரம், 10:17-க்கு ஒருவர் அதே புள்ளியில் இருப்பார். 5,000? அந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போய்விடும். சரி, முந்தைய புள்ளியிலேயே கொஞ்சம் வட்டமடிக்கச் சொல்லலாம். ஆனால் அந்த முந்தைய புள்ளியை நோக்கிப் பின்னால் யார் வருகிறார்? இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மையம் தொலைபேசியில் அழைக்கும், சிறிய விமான நிலையம் ஒன்றிலிருந்து புறப்பட ஒருவர் அனுமதி கேட்பார், இன்னொரு பைலட் ‘நான் சொன்ன நேரத்துக்கு வர முடியாது, 3 நிமிடம் தாமதம்’ என்பார். அந்த 3 நிமிடம் நீங்கள் அதுவரை கட்டிவைத்த எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

பைலட்டாகவும் பக்கத்து மையமாகவும் பேசுவதற்குப் பக்கத்து அறையிலோ பின்னாலோ ஆட்கள் இருப்பார்கள். ஒவ்வொரு கணக்கும் அரை மணி நேரம் அளவுக்கு ஓடும். பின்னால் நிற்கும் பயிற்சியாளர் தவறுகளைக் குறித்துக்கொள்வார். இடைவெளி குறைந்துபோன தவறுக்கு நிறைய மதிப்பெண் போகும், சொல்முறைத் தவறுக்குக் கொஞ்சம் போகும். தவறுகளின் கணக்கு ஒருபக்கம் இருக்க, ‘இந்த ஆளால் இந்த வேலை முடியுமா’ என்பதற்குப் பயிற்சியாளர் தன் மனத்தில் பட்டதை வைத்துத் தனி மதிப்பெண் போடுவார். மொத்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தக் கணக்குகளுக்குத்தான். எழுத்துத் தேர்வுகளில் வரைபடத்தை நினைவிலிருந்து வரைய வேண்டும், 7110.65 என்ற எண்ணாலேயே எல்லோரும் குறிப்பிடும் விதிப்புத்தகத்தின் வாசகங்களை எழுத்து பிசகாமல் சொல்ல வேண்டும். கோபுரத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, மேசைமேல் ஓடுபாதையை வரைந்து பொம்மை விமானங்களைக் கையால் நகர்த்திச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியும் இருந்தது.

இதைக் கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. ‘நாளைக்கு ரேடாரில் உட்காரப்போகிறவனுக்கு இது எதற்கு’ என்று கேட்டவர்களும் உண்டு. இந்தப் பாடத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத விமானங்களைத் தலைக்குள் வைத்து நகர்த்தத் தெரிந்தவர், திரையில் தெரியும்போது அதைவிட நன்றாகச் செய்வார். கன்ட்ரோலர்கள் ‘படம்’ என்று சொல்வார்கள். படம் கையில் இருக்கிறது, படத்தை இழந்துவிட்டேன் என்பது அவர்கள் பேச்சு. திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படம் திரையில் இல்லை. ரேடார் இல்லாத பாடத்தை விடாததற்கு நான் சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். அந்தப் பரீட்சை சோதித்தது இதைத்தான். சோதிக்க வேண்டியதும் இதுதான்.

ரேடார் இல்லாத முறை வெறும் பயிற்சிக்கூட விவகாரமும் இல்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள். இந்தியா 1948-லேயே அலகாபாத்தில் பயிற்சி மையம் தொடங்கியது. அங்கே கற்றுவிட்டு வந்து, வங்காள விரிகுடாவின் வான்பரப்பைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு நடுக்கடலில் ரேடார் எட்டாது. தொலைதூரம் எட்டும் எச்.எஃப். வானொலியின் இரைச்சலுக்கு நடுவே வரும் இட அறிவிப்பையும் பட்டையில் எழுதிய நேரத்தையும் மட்டுமே நம்பிப் பல பத்தாண்டுகள் அந்த விமானங்களைப் பிரித்து வைத்தார்கள்.

ஆதரிக்க முடியாதது, அந்தப் பாடத்தைப் பயன்படுத்திய விதம். 1970-களின் நடுவில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இந்தப் பயிற்சியைத் துருவிப் பார்த்தது. ஆட்களை எடுத்து, மையங்களுக்கு அனுப்பி, இரண்டு மூன்று வருடம் சம்பளம் கொடுத்த பிறகு ‘இவருக்கு வராது’ என்று கண்டுபிடிப்பது பெரிய வீண்செலவு என்றார்கள். அது நியாயமான குறைதான். அதற்கு வந்த பதில்தான் 1976-ன் தேறு-அல்லது-போ ஏற்பாடு. ஆனால் சில வாரங்களில் முடிவு செய்தாக வேண்டும் என்று வந்துவிட்டால் சொல்லிக்கொடுப்பதற்கு நேரம் ஏது? மெதுவாகக் கற்று அப்புறம் நிலையாக நிற்பவருக்கு அங்கே இடமே இல்லை. வேகமாகப் பிடித்துக்கொள்பவர்களைத் தேர்ந்தெடுக்க அது நல்ல வழி. நல்ல கன்ட்ரோலர்கள் எல்லோரும் வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் என்று சொல்ல முடியாது.

வயது பற்றியும் சொல்ல வேண்டும். ஓக்லஹோமா சிட்டியிலேயே இருந்த எஃப்.ஏ.ஏ.வின் விமான மருத்துவ ஆய்வு நிறுவனம் 1960-களில் பயிற்சிக்கு வந்தவர்களின் தேர்ச்சியை ஆராய்ந்தது. வயது கூடக் கூடத் தேறுகிறவர்கள் குறைகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கண்டது. அதன் பின்னணியில் 1972-ல் சட்டம் வந்தது. அதன்படி 31 வயதுக்குள் வேலையில் சேர வேண்டும், 56-ல் ஓய்வு பெற வேண்டும். இந்த இரண்டு எண்களும் பின்னால் பெரிய வேலை செய்யப்போகின்றன.

ஓக்லஹோமாவில் தேறியவர் தன் மையத்துக்கோ கோபுரத்துக்கோ வந்து சேர்ந்தால், அங்கே மறுபடியும் முதலிலிருந்து. ஊருக்கு ஊர் வான்பரப்பு வேறு. தன் பகுதியின் வரைபடத்தை, ஒவ்வொரு தடம், ஒவ்வொரு புள்ளி, ஒவ்வொரு வானொலி அலைவரிசையோடும் வெற்றுத்தாளில் வரைந்து காட்ட வேண்டும். மையங்களில் முதலில் கிடைப்பது உதவியாளர் வேலை. இயந்திரத்திலிருந்து வரும் பட்டைகளைக் கிழித்துச் சட்டத்தில் செருகிக் கொண்டுபோய்க் கொடுப்பது. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் மாதக்கணக்கில் அந்த அறையின் நடுவே நடந்துகொண்டே, யார் என்ன குரலில் என்ன சொல்கிறார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டிருப்பதே ஒரு படிப்பு. அடுத்து, ரேடார்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளைப் பார்த்துக்கொண்டு, அடுத்த மையங்களோடு தொலைபேசியில் ஒருங்கிணைக்கும் இடம். கடைசியில்தான் ரேடார் இருக்கை. எல்லாவற்றிலும் தேறி முழுத்தகுதி பெற மூன்று நான்கு வருடம்கூட ஆகும்.

இருக்கையில் பயிற்சி நடக்கும் விதம் இந்தத் தொழிலின் தனித்தன்மை. கற்பவர் தன் ஹெட்செட்டைச் செருகுவார். பயிற்றுபவரும் அதே இடத்தில் தன்னுடையதைச் செருகுவார். பேசுவது கற்பவர். உள்ளே இருப்பவை நிஜ விமானங்கள். எது தவறினாலும் பொறுப்பு பயிற்றுபவருடையது. கற்பவரின் குரலை மறித்துத் தானே பேச அவரால் முடியும். எப்போது மறிப்பது என்பதில்தான் அவருடைய முழுத் திறமையும் இருக்கிறது. சீக்கிரம் மறித்தால் கற்பவருக்குத் தன் தவறு எங்கே போய் முடிந்திருக்கும் என்று தெரியாமலே போகும். தாமதித்தால் இரண்டு விமானங்கள் 5 கடல் மைலுக்குள் வந்துவிடும். தன் கை நடுங்காமல் இன்னும் பத்து விநாடி பொறுக்கலாம் என்று முடிவெடுக்க, அந்தச் சிக்கலிலிருந்து பத்தாவது விநாடியிலும் வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் அதே இருக்கையில் உட்கார்ந்தவருக்குத்தான் அது முடியும். இவர்களில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. கத்துபவர்கள் இருந்தார்கள், கேலி செய்பவர்கள் இருந்தார்கள், ‘நான் பட்டதை நீயும் படு’ என்பவர்கள் இருந்தார்கள். அப்படியும் தொழில் கைமாறியது அவர்கள் வழியாகத்தான்.

1981 ஆகஸ்ட் 3 அன்று பாட்கோ என்ற கன்ட்ரோலர் சங்கத்தின் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நேரம், சம்பளம், தேய்ந்துபோன கருவிகள் என்று அவர்களுக்குப் பல வருடக் குறைகள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்டவிரோதம். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். ஆகஸ்ட் 5 அன்று, திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மீண்டும் சேரவும் தடை. அந்தத் தடை 1993-ல்தான் நீங்கியது.

விமானங்கள் நிற்கவில்லை. மேற்பார்வையாளர்களும், வேலைநிறுத்தத்தில் சேராதவர்களும், ராணுவத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். ‘பார்த்தீர்களா, அவர்கள் இல்லாமலே நடக்கிறது’ என்று அன்று பேசினார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முழுத்தகுதி பெற்ற கன்ட்ரோலர்கள், அதாவது பக்கத்து இருக்கை ஆசிரியர்கள். விமானங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தார்கள். அடுத்த ஆளை உருவாக்க ஆள் இல்லை.

சல்லடைக்கு மட்டும் குறைவே இல்லை. அதே ஆண்டு புதிய எழுத்துத் தேர்வு வந்தது. காகிதத்தில் வான்பரப்பும் விமானங்களின் உயரமும் வேகமும் கொடுத்து, எவை மோதும் என்று கேட்கும் கேள்விகள். 1981 முதல் 1992 வரை 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை எழுதினார்கள். ஓக்லஹோமா சிட்டிக்குள் நுழைந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்களிலும் பாதியைவிடச் சற்று அதிகமானவர்களே தேறினார்கள். அப்படித் தேறியவர்கள் மையங்களுக்கு வந்தபோது, அங்கே மீதமிருந்த அனுபவசாலிகள் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தன் இருக்கையையும் பார்த்து, புதியவருக்கும் சொல்லிக்கொடுத்து, அறிக்கையும் எழுத வேண்டும். நேற்றுத் தகுதி பெற்றவர் இன்று பயிற்றுபவராக உட்கார நேர்ந்தது. 1986-ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்த நிலையை ஆராய்ந்து, கன்ட்ரோலர்கள் மீதுள்ள பளு பற்றிக் கடுமையாகவே எழுதியது. வேலைநிறுத்தம் நடந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. வகுப்பறையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கலாம். ரேடார் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உட்கார வைக்க முடியும். அந்த வேகத்தைப் பணத்தால் கூட்ட முடியாது.

1992-ல் ஓக்லஹோமாவின் நீண்ட பரீட்சை முடிவுக்கு வந்தது. சில நாட்களில் முடியும் கணினித் தேர்வு அதன் இடத்துக்கு வந்தது. கல்லூரிகளில் இதற்கென்று படிப்புகள் தொடங்கின. கழகம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நல்ல மாற்றம்தான், என் கணக்கில் பதினைந்து வருடம் தாமதமாக வந்த மாற்றம்.

1972-ன் அந்த இரண்டு எண்கள் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தன. 1981-க்குப் பிறகு ஒரே மொத்தமாக எடுக்கப்பட்ட எல்லோரும் 31 வயதுக்குள் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு 25 வருடப் பணியில் ஓய்வு பெறும் உரிமை உண்டு, 56-ல் போயே ஆக வேண்டும். ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகவே கிளம்பத் தொடங்கினார்கள். 2004 டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. ஒரு திட்டம் வெளியிட்டது. அடுத்த பத்து வருடங்களில் சுமார் 12,500 கன்ட்ரோலர்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றது. மையங்களில் மறுபடியும் அதே கேள்வி எழுந்தது: இத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார, அனுபவப்பட்டவர்கள் எத்தனை பேர் மிச்சம்?